வெள்ளை மேடையில் மூன்று புற்றுகள்

நெருங்கி உட்காருங்கள். காபி இந்தப் பக்கம் வரட்டும். விடியும் வரை பெட்டிக்குக் காவல் இருந்தாக வேண்டும். உள்ளே இருப்பவர் பெரிய ஓவியர், அமாடோ சார். செத்தவரைத் திட்டாதே என்பீர்கள். திட்டுவேன். ஒன்பது வருடம் அவர் கண்காட்சிகளுக்கு விளக்கு மாட்டியவன் நான்.

போன மாதம் ஒரு நாள், மாலை ஆறு மணி. தயாபாஸ் ஊரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் ஒரு மண்சாலை. ஒரு ஈ காக்கை இல்லை. வேனில் சாரும் நார்சிங்கும் மட்டும். நார்சிங் தச்சன், என் தோழி பெலிசாவின் தம்பி. சார் நினைப்பதையெல்லாம் மரத்தில் செய்து கொடுப்பவன் அவன்தான்.

சாருக்கு அப்போது ஒரு பித்து. நம் பேய்களையெல்லாம் சுருக்கிக்கொண்டிருந்தார். இடுப்போடு பிரிந்து பறப்பவளை வெள்ளைத் துணியில் ஒரே கறுப்புக் கோடாக்கினார். குதிரைத்தலையனை இரண்டு கம்பியாக நிறுத்தினார். பார்த்தவர்கள் ஆகா என்றார்கள். அடுத்தது நூனோ, புற்றில் குடியிருக்கும் கிழவர். அதற்கு நிஜப் புற்றே வேண்டுமாம்.

சாலையோரம் மூன்று புற்றுகள்... முழங்கால் உயரம். நார்சிங் தொப்பியைக் கழற்றினான். "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க, பெரியவரே" என்று சொல்ல வாயெடுத்தான். புற்றைத் தாண்டும்போது நாம் எல்லோரும் சொல்வதுதானே.

"அதெல்லாம் வேணாம்டா. வெட்டு."

வெட்டினான். கூலிக்காரன் வேறென்ன செய்வான்? சரக்... சரக்... மூன்றாவது புற்று பெயர்ந்தபோது ஈர மண்ணோடு சுருட்டு வாசனையும் வந்ததாம். அங்கே யாரும் புகைக்கவில்லை.

மறுநாள் அவன் வலது கை வீங்கியது. நான்காம் நாள் விரல்களே தெரியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் கையை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். தச்சனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? சொன்னவர் சுகமாக இருக்கிறார், செய்தவன் துடிக்கிறான். இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

பெலிசா கேலரிக்கு வந்தாள். நான் ஏணி மேல் இருந்தேன். கீழே வெள்ளை மேடை, மூன்று புற்றுகள், வேறொன்றும் இல்லை.

"சார், இத இருந்த எடத்துலயே வெச்சிடுங்க. என் தம்பி கை போயிடும்."

"நூனோன்னு ஒண்ணும் கிடையாதும்மா. இது ஒரு வடிவம், அவ்வளவுதான். வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொல்லு."

அவள் அவரை விட்டுத் திரும்பினாள். மேடை முன்னால் மண்டியிட்டாள்.  குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்.

"பெரியவரே, உங்க கோவம் நியாயம். ஆனா ஆள் மாறிப்போச்சு. என் தம்பி வெறும் கூலி. வெட்டச் சொன்னவர் அதோ நிக்கிறார்."

நாம் ஆள் காட்டுவோமே, அப்படி உதட்டைக் குவித்து அவரைக் காட்டினாள். சார் சிரித்தார்.

அன்றிரவே நார்சிங்கின் கை வீக்கம் வற்றிவிட்டது. காலையில் கேலரியை நான்தான் திறந்தேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. மேடை காலி... ஒரு துளி மண் இல்லை. சுருட்டு வாசனை மட்டும் அடித்தது. அதன்பிறகு சார் வெளியே வரவே இல்லை. எட்டாம் நாள் போய்விட்டார். மாரடைப்பு என்கிறார்கள் வீட்டார்.

இருக்கட்டும். நீங்களே பெட்டிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். எல்லோருக்கும் நெஞ்சில் கை கோத்து ஜெபமாலை சுற்றியிருக்கும். இவர் கைகளை வெள்ளைத் துணியால் மூடியிருக்கிறார்கள். பெட்டிக்கு விளக்கு மாட்டியதும் நான்தான். மாலையில் அந்தத் துணி தட்டையாகக் கிடந்தது.

பக்கத்தில் போனால் "ஒதுங்கிக்குங்க, பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இப்போது துணிக்கடியில் மூன்று மேடுகள். நடுவில் இருப்பது கண்ணாடியைத் தொட்டுவிட்டது.