பெண் கால் படாத படகு

– அவினோவோட மீன் பேசின் ஏன் காலியா இருக்கு, ஒக்வேனோ?

– வந்ததும் வராததுமா என்ன சேர்லேடி இது? இன்னிக்கு மீன்பாடு கம்மி. சங்கத்துப் பங்கைத் தனியா எடுத்து வச்சிருக்கேன், அதைப் பாருங்க.

– சங்கத்துத் தலைவியா பங்கு கேக்க நான் வரல. விடியறதுக்கு முன்னாடியே கையில காசோட வந்து நிக்கிறா இவ. பின்னாடி வந்தவளுங்க எல்லாம் மீன் வாங்கிட்டு சந்தைக்கே போய்ச் சேர்ந்தாச்சு. இவளுக்கு மட்டும் ஏன் இல்ல?

– யாருக்குக் குடுக்கணும்னு படகு ஓட்டுறவன்தான் முடிவு பண்ணுவான். இந்தக் கரையில அதுதானே வழக்கம்.

– அந்த வழக்கத்தை என் வாயால சொல்லவா? மீன் வேணும்னா காசு மட்டும் பத்தாது, ராத்திரி குடிசைக்கும் வரணும். அதுதானே?

– மெதுவா பேசுங்க. ஆளுங்க வலை உதறிக்கிட்டு இருக்காங்க.

– கேக்கட்டும். அவனுங்களுக்குத் தெரியாததா? அந்தக் கேடுகெட்ட பிழைப்பு வேண்டாம்னுதான் நாங்க பொம்பளைங்க சங்கமே சேர்ந்தோம். மீனைச் சுட்டு வித்து, பிள்ளைங்க கஞ்சியில தண்ணியை ஊத்தி, வாரா வாரம் காசு போட்டோம். உன் பேர்ல நிலம் இருக்கா, புருஷன் கையெழுத்து இருக்கான்னு கேட்டு பேங்க்காரன் நாயா அலையவிட்டான். அத்தனையும் தாண்டி கடன் வாங்கி இந்தப் படகை இறக்கினோம். எதுக்கு? இனி எவளும் எவன் குடிசைக்கும் போகாம மீன் வாங்கணும்னு. அந்தப் படகை வச்சே நீ அதே வேலையைப் பாக்குற.

– இவ என்ன சொன்னா உங்ககிட்ட?

– ஒண்ணும் சொல்லல. ஒரு மாசமா வாயே திறக்கல. அதுலதான் எனக்குப் புரிஞ்சுது.

– புருஷன் இல்லாதவ. தனியா கஷ்டப்படுறாளேன்னு ஏதோ உதவி பண்ணலாம்னு பாத்தேன்.

– உன் உதவியில தீயை வைக்க. இவ புருஷன் உன்கூடத்தான் தொழிலுக்கு வந்தான். அவன் தண்ணியில முங்கினப்போ உடம்பை இழுத்துட்டு வந்து இவ முன்னாடி கிடத்தினவன் நீ. அதே கையா இது?

– போதும் சேர்லேடி.

– போதும்தான். வலையை வச்சுட்டுப் போ. நாளையில இருந்து நீ வேண்டாம்.

– போறேன். எனக்கென்ன. படகை யார் ஓட்டுவா?

– வேற ஆள் பாத்துக்கிறோம்.

– எவன் வருவான்? நான் ஒரு வார்த்தை சொன்னா இந்தக் கரையில ஒருத்தன் துடுப்பைத் தொட மாட்டான். வெள்ளிக்கிழமை பேங்க் தவணை. கட்டலேன்னா படகை இழுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் நீ சேர்லேடியா இரு, யார் வேண்டாம்னா. சேர் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

– இவ்வளவு நாளும் நீங்கன்னு வந்த வாய்ல இப்ப நீன்னு வருது.

– பின்ன? இனி நீ சேர்லேடி இல்ல, வெறும் அபோண்டிதான். படகு உங்க சங்கத்துப் பேர்ல இருக்கலாம். முதலாளி முதலாளின்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரியுறியே, ஒரு நாளாவது உள்ள காலை வச்சிருக்கியா? பெயின்ட் அடிச்ச அன்னிக்குக்கூட வெளிய நின்னுதானே தொட்டுப் பாத்த.

– வச்சதில்ல.

– ஏன் வைக்கல? அதையும் உன் வாயாலயே சொல்லு.

– பயம்தான். பொம்பளை கால் பட்ட படகுல மீன் ஏறாதுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவ நான். சங்கத்துல இருக்கிற அத்தனை பேர் வீட்டுக் களியும் இந்தப் படகுலதான் இருக்கு. என் காலால அதுல மண்ணைப் போட முடியுமா?

– அப்படி வா வழிக்கு. ஒரு பொம்பளை கால் பட்டா ஒரு வருஷத்துக்கு வலையில பாசிதான் வரும். லோல்வே ஏரியோட சட்டம் அது, நான் போட்டது இல்ல. நீ கடன் வாங்கு, கையெழுத்துப் போடு, கூட்டத்துல பேசு. தண்ணிக்குப் போறவன் நான். அதனால மீன் யாருக்குன்னு சொல்றவனும் நான்தான்.

– அக்கா.

– நீ வீட்டுக்குப் போ அவினோ. நான் பேசிக்கிறேன்.

– இல்லக்கா. நான் ஒண்ணு கேக்கணும். போன மாசம் ஒரு நாள் படகு முங்குற அளவுக்கு மீன் வந்துச்சே, ஞாபகம் இருக்கா?

– மறக்குமா? கரையே கூடி நின்னு பாத்துச்சு. அந்தக் காசுலதானே புது வலை வாங்கினோம். அதுக்கு என்ன இப்போ?

– அவினோ, வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு.

– நீ சும்மா இரு ஒக்வேனோ. அவ பேசட்டும். சொல்லு தங்கச்சி.

– அதுக்கு முந்தின ராத்திரி இவன் என்னைக் குடிசைக்குக் கூப்பிடலக்கா. அங்க அவன் பொண்டாட்டி இருந்தா.

– பின்ன எங்க கூப்பிட்டான்?

– சேர்லேடி, இவ பொய் சொல்றா. நம்பாதீங்க.

– இந்தப் படகுக்குள்ளதான் ஏத்தினான். இனிமே வரமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன், அதான் என் பேசின் காலி. அந்த ராத்திரி ரொம்ப நேரம் என் ரெண்டு காலும் இதுக்குள்ளதான் இருந்துச்சு, மறுநாள் காலையிலதான் அத்தனை மீனும் வந்துச்சு. நகருங்கக்கா, நான் ஏறணும்.