கல் மூட்டையின் எடை

— அதைக் கீழ வை மைத்தேனா. எட்டரை மில்லி மெலிசுக் கயித்துல துணி காயப்போடலாம். மலையோட தென்முகம் ஏற முடியாது.

— உன் கடைச் சரக்கை நீயே இப்படிச் சொன்னா வியாபாரம் விளங்கின மாதிரிதான் ரமிரோ. தடிச்ச கயித்தை விட முக்கால் கிலோ குறையுது. பாறைக்கு அடியில போய்ச் சேரவே ஒரு நாள் நடை. என் முதுகைக் கேளு, சொல்லும்.

— முதுகு சொல்றதைக் கேப்பே, பாறை விளிம்பு சொல்றதைக் கேக்க மாட்டே. இந்தா, ரெண்டையும் விரல்ல உருட்டிப் பாரு. தடிச்சதுல சதை இருக்கு.

— மெலிசு வழுவழுன்னு ஓடுது. எனக்குப் புடிச்சிருக்கு.

— ஓடுறதுதான் வம்பு. ஒருத்தர் விழுந்தா, புடிக்கிறவங்க கையில நிக்காது. கூட வர்றவனுக்குப் பழக்கம் உண்டா?

— உண்டு.

— யாரு, அந்த பரிலோச்சே ஊர்ப் பையனா?

— அவன் போன மாசமே மூட்டை கட்டிட்டான். மாத்தே டீ ஆறுது, குடி.

— பின்ன யாரு?

— நீ கயித்தைச் சோதி. ஆளை நான் சோதிச்சுட்டேன்.

— சரி விடு. உத்தரத்துல கட்டியாச்சு. கோணியில ஆத்துக் கல்லைப் போட்டுத் தொங்கவிடுவோம், எவ்வளவு இழுபடுதுன்னு தெரிஞ்சிடும். அவன் எத்தனை கிலோ?

— எழுபத்திரண்டு.

— கொஞ்சம் நோஞ்சான்தான்.

— ஆமா. வாய் மட்டும் பெருசு.

— கோணியைப் புடி. இரு... உள்ளங்கையில அந்தத் தழும்பு இன்னும் போகலியா?

— அது எதுக்குப் போகணும்? நீ விழுந்தப்ப நிறுத்துன கை.

— அன்னைக்கும் இதே மாதிரி மெலிசுக் கயிறுதான். என்னால உன் கை வெந்துபோச்சு.

— கை ஒரு மாசத்துல ஆறிடுச்சு. நீதான் அதோட ஏறுறதையே விட்டே. முட்டி வலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சே. என்கிட்டயுமா?

— என்கூட ஏறாம இருந்தா உனக்கு நல்லதுன்னு நினைச்சேன்.

— உன்கூட ஏறாமத்தான் இருந்தேன். வேற ஆளுங்களோட போனேன். நல்லவங்கதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா உச்சியில போய் உக்காந்து கயித்தை இழுக்குறப்ப, அந்த முனையில உன் தலை தெரியாதான்னு பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் பாக்குறேன் ரமிரோ. வேற யாரோ வர்றாங்க.

— ...கல்லு எவ்வளவு சொன்னே?

— எழுபத்திரண்டு. வியாழன், வெள்ளி காத்து அடங்குமாம். அப்புறம் பனி வந்துடும். இதை விட்டா அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்.

— மைத்தேனா.

— என்ன?

— கோணியைக் கீழ இறக்கிட்டேன்.

— தெரியுது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு, நான் கிளம்புறேன்.

— எழுபத்திரண்டு என்னோட மூணு வருஷத்துக்கு முந்தின கணக்குடி. இப்ப எண்பத்தஞ்சு. தடிச்ச கயித்தையே எடு, நான் சுமந்துக்கறேன்.