கொட்டகையில் ஊதுபத்தி

சிம்பாங் பூலாய் அஞ்சலகத்தில் இருவர் எண் சீட்டு எடுக்காமலே தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். நான் எடுத்துச் சொல்லவில்லை. கண்ணாடி போட்டவர் ஆரம்பித்தார்.

“காத்து எங்க ஒழுகுதுன்னு பாக்கத்தான் மச்சான் ஊதுபத்தி கொளுத்துனேன். சாமி கும்பிடுறேன்னு நெனச்சிட்டா என் பொண்டாட்டி.”

“எதுல ஒழுகுது?”

“கொட்டகையில வேக்குவம் பலகை செஞ்சேன்ல? பம்பு காத்த உறிஞ்சுனா, மேல வச்ச தகடு அசையாம ஒட்டிக்கும், மெஷின்ல வெட்டலாம். சுத்தி ரப்பர் சரியா உக்காரணும். புகைய எங்க உள்ள இழுக்குதோ அங்க ஓட்டை. தினமும் முட்டி போட்டுப் பாத்தேன்.”

“தங்கச்சி என்ன சொல்லுது?”

“கார் நிறுத்த எடம் வேணும், கொட்டகைய இடிங்கன்னு நின்னவ, பத்தியப் பாத்ததும் பம்புக்குப் பொட்டு வச்சு பூ போட ஆரம்பிச்சுட்டா.”

“அப்புறம் என்ன லா?”

“முந்தாநாள் ரப்பர் உக்காந்துருச்சு, ஒழுகல. நேத்து பத்தி கொளுத்தல. உடனே, எப்ப இடிக்கிறீங்கன்னு கேட்டுட்டா.”

“சும்மா கொளுத்திட்டுப் போ லா.”

“காரணமில்லாமலா? அது அவள ஏமாத்துறது மச்சான்.”

நண்பர் யோசித்தார். “அப்ப ரப்பர ஒரு எடத்துல லேசா வெட்டி விட்டுரு.”

கண்ணாடிக்காரர் இரண்டு விரல்களுக்கு நடுவே ஓர் அளவு பிடித்துக் காட்டினார்.

“எவ்ளோ நீளம் வெட்டலாம்?”