கடைசிக் கோட்டையின் வாசல்

வீடியோ விளையாட்டில் நான் எப்போதும் போர்வீரனைத்தான் எடுப்பேன், சார். மந்திரவாதிக்கு நூறு வித்தை. எது எப்போது என்று நினைவு வைப்பதற்குள் தலை போய்விடும். போர்வீரனுக்கு ஒரு வாளும் கேடயமும் போதும். முன்னால் நின்று அடி வாங்குவதுதான் அவன் வேலை. எனக்கு அது ஒத்துவரும்.

என் தம்பி எடுப்பது வைத்தியக்காரி. பின்னால் நின்று என் காயத்தை ஆற்றவேண்டும். பொம்பளை வேஷம் எதுக்குடா என்று கேலி செய்தால், "உயிரோட இருக்கணும்னா வாயை மூடிட்டு வெட்டுண்ணே" என்பான்.

அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். பேருக்குத்தான் இரண்டு. அவனுக்கு வேலை, நண்பர்கள். தூங்க மட்டும் வருவான். நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து, சமைத்து, தனியாகச் சாப்பிடுவேன். ஒருநாள் பிரிட்ஜைத் திறந்துவிட்டு அதற்கு நன்றி சொன்னேன். அப்படி இருந்தது.

பிறகு அவன் பைக் சறுக்கி விழுந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார்கள். வலது கால் மட்டும் இரண்டு இடத்தில் உடைந்தது. ஏழு மாதம் வீட்டிலேயே இருந்தான். தினமும் சாயங்காலம் ஒன்றாக விளையாடினோம். நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஏழு மாதம்தான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கால் தேறி அவன் ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்தபோது விளையாட்டும் முடிவுக்கு வந்தது. ஒரே ஒரு கோட்டை பாக்கி, உள்ளே பெரிய அரக்கன். நான் கேடயத்தைத் தூக்காமல் வாசலிலேயே செத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது தடவை தம்பி திரும்பிப் பார்த்தான்.

"வேணும்னேதானே சாகுற?"

"கை வழுக்குதுடா."

"திங்கக்கிழமை கிளம்பறேன்ணே. வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. அதுக்குள்ள இவனை முடிச்சிடலாம்."

வெளியூரில் வேலை கிடைப்பது குற்றமில்லை. கை கொடுத்து வாழ்த்தினேன்.

சக்கர நாற்காலி, ஊன்றுகோல் பழுது பார்ப்பது என் தொழில் என்று உங்களுக்குத் தெரியும். ஊன்றுகோல் என்பது குழாய்க்குள் குழாய். உயரத்தைப் பிடித்து நிறுத்துவது பட்டாணி அளவு ஒரு பொத்தான். துளை வழியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதன் விளிம்பை அரத்தால் சரித்துவிட்டால், தரையில் நடக்கும்போது தாங்கும். படி இறங்கும்போது முழு பாரமும் விழுந்தால் உள்ளே போய்விடும். நாலு இழுப்பு போதும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது, ஐந்தாக இழுத்தேன்.

அவன் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. விளையாட்டில் விழுந்தால், முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். அதே கால், அதே இடம், இன்னும் ஏழு மாதம். அவ்வளவுதான் நான் கேட்டது. ஞாயிறு காலையில் காய்ந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து ஊன்றுகோலை ஊன்றி இறங்கினான். பதினெட்டுப் படி. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுத்துதான் வாங்கிக்கொண்டது.

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்று டாக்டர் சொன்னபோது அழுதேன். நடிப்பு இல்லை, சார். வீட்டுக்கு அழைத்து வந்து நாலு மாதமாகிறது. ஊட்டுவது, துடைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். ஒரு குறை வைக்கவில்லை, படுக்கைப்புண்கூட வரவில்லை. கட்டிலுக்கு எதிரே டிவியை மாற்றி வைத்தேன். அவனால் பிடிக்க முடியாது என்பதால் அவன் ஆட்டத்தையும் நானே ஆடுகிறேன்.

ஆமாம், அந்தப் பொத்தானில் அரம் போட்டது நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் என்னோடு பேசாமல் இருப்பது வெறுப்பினால் என்று நீங்கள் சொல்வது சரியில்லை. நேற்று சாயங்காலம் கோட்டைக்குள் போய் அரக்கனை முடித்துவிட்டோம். "ஜெயிச்சிட்டோம்டா" என்றேன். அவன் மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்து நன்றாகத் திரும்புகிறது, சார். தேறி வருகிறான்.