கடைமடை நெல்லின் நற்பெயரை மீட்ட முனைவர் ஆபிதா பீவி அவர்களுக்கு

பொருநைப் பள்ளத்தாக்கின் நெல்மணிகளை மணி மணியாய் அறிந்தவரே! மேலப்பாளையத்துத் தறி வீட்டில் பிறந்து, முப்பத்தோராண்டு எங்கள் தானிய ஆய்வுக்கூடத்தில் தளராது உழைத்த தகைமையாளரே! தலைமைப் பொறுப்பேற்ற பின்னும் தவிட்டுத் தூசி படிந்த கையோடு மாதிரிகளைத் தாமே அரைத்துத் தந்த தாயுள்ளமே! பணி நிறைவு பெறும் தங்களை வணங்கி, அன்பும் நன்றியும் ததும்ப இம்மடலை அளிக்கின்றோம்.

பெயரெழுதாத மாதிரிப் பையைத் திருப்பியனுப்புவீர்கள். அனுப்பியவரை ஒருநாளும் கடிந்ததில்லை. தங்கள் பண்புகளை வரிசையிட்டுப் புகழவே பணியாளர்கள் என்னைப் பணித்தார்கள். ஆயினும் அளவுக் கருவியை இயக்கும் சுகிர்தாவாகிய நான், நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றையே இவ்வவையில் சொல்ல விழைகிறேன். அதில் எல்லாப் பண்பும் அடங்கும்.

ஒரே தனிமத்தின் அணுக்களில் எடை கூடியவையும் குறைந்தவையும் உண்டு. நிலையான ஐசோடோப்புகள் எனப்படும் அவற்றின் விகிதத்தை அரிசியில் அளந்து, அது விளைந்த இடத்தைக் கணிப்பது நம் பணி. மழை பொய்த்த அந்தப் பிசான நெற்பருவத்தில், சீவலப்பேரி உழவர் குழு வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்த அரிசி சோதனைக்கு வந்தது. அதில் நீலாம்பாள் என்னும் உழவரின் மாதிரியில் மட்டும் எடை கூடிய ஆக்சிஜனும் கார்பனும் மிகுந்திருந்தன. நம்மிடமிருந்த ஒப்பீட்டு அளவுகளோடு அது பொருந்தவில்லை. "இப்பள்ளத்தாக்கில் விளைந்ததன்று" என்று அறிக்கை எழுதினீர்கள். வாங்கவிருந்தவர்கள் விலகினார்கள். வெளியூர் நெல்லைக் கலந்தவர் என்று சொல்லிக் குழுவும் நீலாம்பாளை நீக்கியது.

பத்தாம் நாள் அவர் ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். அழவில்லை; சண்டையிடவில்லை. தங்கள் மேசை முன் நின்று கேட்டார்:

"எங்க வயலுக்கு இந்தத் தடவ வாய்க்கா தண்ணி எட்டவே இல்ல, டாக்டரம்மா. குளத்துல வத்திக் கெடந்தத எறைச்சுத்தான் கதிரு வாங்க வச்சோம். வெளி நெல்லு ஒரு மணி கலக்கல. ஒங்க மிசினு எங்க தண்ணியப் பத்தி என்ன சொல்லுது?"

தங்கள் முகம் மாறியதை அருகிலிருந்து கண்டேன். நம் ஒப்பீட்டு மாதிரிகள் அனைத்தும் ஆற்றுநீர் தடையின்றிப் பாய்ந்த வயல்களில் எடுத்தவை. வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயலொன்றில்கூட நாம் கதிர் பறித்ததில்லை.

அன்றே அறிக்கையை நிறுத்திவைத்து, வாங்கவிருந்தவர்களுக்கு எழுதினீர்கள். மேலதிகாரி ஒருவர் எளிய வழியொன்று சொன்னார்: கருவியறையில் மாதிரி மாறிவிட்டதென எழுதினால் போதும். அப்படி எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். தாங்கள் இசையவில்லை. அளவு சரியே, தவறாகப் பொருள் கொண்டவள் நானே என்று அவருக்கு எழுத்தில் பதில் தந்தீர்கள். தங்களுக்கு வரவிருந்த பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப்பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அடுத்த பருவத்தில் ஒரே மண்ணில், ஒரே விதையை மூன்று பாத்திகளில் நட்டோம். முதல் பாத்திக்கு ஆற்றுநீர். இரண்டாவதற்கு வெயிலில் வற்றிய குளத்துநீர். மூன்றாவதற்குப் பூக்கும் காலத்தில் அரைத் தண்ணீர். அறுத்து அளந்தபோது விடை தெளிந்தது. தேங்கிய நீரில் இலேசான பகுதி முதலில் ஆவியாக, எடை கூடியது மிஞ்சுகிறது. பயிர் அதைக் குடித்து மணியில் வைக்கிறது. தாகித்த பயிரோ இலைத் துளைகளை மூடிக்கொள்கிறது. வழக்கமாய் ஒதுக்கும் எடை கூடிய கார்பனையும் அப்போது ஏற்றுக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்ததே நீலாம்பாளின் அரிசி. இடம் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியிருந்தது.

முதல் அறிக்கையை முற்றிலும் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதினீர்கள். அதைத் தபாலில் அனுப்பாமல், டவுன் பஸ்ஸில் என்னையும் அழைத்துக்கொண்டு சீவலப்பேரிக்குச் சென்று, குழுவினர் முன் நின்று வாசித்தீர்கள். பின் நீலாம்பாளிடம் சொன்னீர்கள்:

"நெல்லு ஒங்க வயல்ல வெளஞ்சதுதான். அளந்தது சரி. அதுக்கு நான் சொன்ன அர்த்தந்தான் தப்பு."

அவர் நம்மைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பிறகு, "பைய இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க. அந்த நெல்லுச் சோறுதான்" என்றார். உண்டோம். மறுவாரமே குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. கைநழுவிய விற்பனையை மட்டும் தங்களால் மீட்டுத்தர இயலவில்லை. அந்த வருத்தம் தங்களுக்கு இன்றும் உண்டென்பதை அறிவோம். இப்போது களக்காடு முதல் கடைமடை வரை எல்லா நீரிலும் விளைந்த நெல்லும் நம் ஒப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. அது தங்கள் கொடை.

பிழையை ஒளிக்காத பெருந்தகையே! எளியவர் கேள்விக்கு எழுந்து நின்ற ஏந்தலே! தங்கள் நிழலில் அச்சமின்றி அளந்தோம். அறிந்ததை அப்படியே எழுதினோம். கண்ணொளி குன்றாது, கால்வலி அணுகாது, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு நலமுடன் வாழ்க என உளமார வாழ்த்துகிறோம்.

என்றும் தங்கள் அன்பில்,
சுகிர்தா, கணேஷ்ராம், ஜெமிமா, ஆரிப்
மற்றும் ஆய்வுக்கூடப் பணியாளர்கள் அனைவரும்.

இம்மடல் எழுதப்படுவதைக் கேள்விப்பட்டு, இன்று காலை பஸ்ஸேறி வந்து, தம் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கையொப்பமிட்டவர்:
நீலாம்பாள், சீவலப்பேரி.