மச்சம் தெரிந்த கண்

— தாடையை இதுல வையுங்க சார். நெத்தி ஒட்டி இருக்கட்டும். பேசக் கூடாது.

— என்னைப் பேசாதேன்னு சொன்ன முதல் ஆள் நீதாம்மா. முப்பது வருஷமா மேடையில நிக்கிறவன்!

— மேடையை விட்டு இறங்கி மூச்சு விடுங்க சார். டையையும் தளர்த்துங்க. கழுத்து இறுகினா கண்ணுல அழுத்தம் ஏறும்... முப்பத்தெட்டு.

— பாஸ்தானே?

— இருபத்தொண்ணைத் தாண்டக் கூடாது சார். முகத்தை எடுத்துக்கலாம். ஊசி போட்டு எத்தனை மாசம் ஆச்சு?

— நாலு. அது ஊசியா, அற்புதம்மா! வலது கண்ணு முன்னமே போச்சு. இருக்கிற இடதும் விழித்திரை வீங்கி, கலங்கின தண்ணிக்குள்ள பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு. குருணை அளவு மருந்துதான் உள்ள போச்சு. மூணாம் வாரம் பார்க்கிறேன், வீட்டுக்காரி கன்னத்துல ஒரு மச்சம்! "இது எப்ப வந்துச்சு?"ன்னேன். "பொறந்தப்பவே"ன்னா. அழுதுட்டேம்மா. கூட்டத்துக்காக அழுவேனே, அந்த அழுகை இல்ல.

— அந்த மருந்து ஸ்டீராய்டு சார். அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏத்திடும். மாசாமாசம் வந்து பார்க்கணும்னு சீட்டுல எழுதியிருக்கே, ஏன் வரல?

— நேரம் எங்கேம்மா? பன்னிரண்டு கூட்டம்.

— என்ன கூட்டம்?

— ...கண் பாதுகாப்பு. "பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்"னு.

— கைத்தட்டல் வந்துச்சா?

— கூரை அதிர்ந்துச்சு.

— டாக்டருக்கு போன்ல தகவல் அனுப்பிட்டேன். உடனே அழுத்தத்தை இறக்கணும். இல்லேன்னா நரம்பு செத்துடும் சார். செத்தது திரும்பாது.

— பயமுறுத்தாதே. துளி வலி இல்ல. அதோ, உன் பையில இருக்கிற பேனா மூடியைக் கடிச்சு வச்சிருக்கியே, பல்லுத் தடம் வரைக்கும் தெரியுது!

— பதினஞ்சு வருஷமா இதைப் பார்க்கிறேன் சார், இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறியுது. நடுவுல பளிங்கு மாதிரி தெரியும். ஓரம் மட்டும் சத்தமே போடாம கழண்டு போயிட்டிருக்கும். இருட்டாக்கூடத் தெரியாது. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும்.

— என் கண்ணுல போறது எனக்கே தெரியாம போகுமா?

— சரி, என் மூக்கையே பாருங்க. கண்ணு அசையக் கூடாது. அசைஞ்சா ஏமாத்துற கணக்கு.

— பார்த்தாச்சு.

— இப்ப சொல்லுங்க. இந்த ரூம்ல யார் யாரு இருக்கோம்?

— இதென்ன கேள்வி? நீயும் நானும். வீட்டுக்காரியை வெளியில உக்கார வச்சுட்டுத்தானே வந்தேன்.

— அந்த மச்சம் இந்தம்மாவுக்குப் பக்கத்துல, ஒரு கை தூரத்துலதாங்க நிக்குது. கூரை அதிர்ந்துச்சுன்னீங்களே, அப்பவே உள்ள வந்துட்டேன்.