பூட்டுக்குள் கேள்விக்குறி

விராலிமலையில் நான் புதுக்கோட்டை பஸ் ஏறி உட்கார்ந்ததும், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே ஆபீஸ் அடையாள அட்டை.

“பூட்டு சரியாத்தான் தொறந்துச்சுடி. உள்ள அவரக் காணோம்,” என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“என்னடி சொல்ற?”

“வீட்டுல ஆளாளுக்கு என் போன எடுக்குறாங்கன்னு, அவரு சிங்கப்பூர்லேருந்து எழுதுறதப் பூட்டி அனுப்ப நானே ஒரு ஆப் செஞ்சேன்ல? நேத்து மொத தடவையா தமிழ்ல, நீளமா எழுதியிருக்காரு. தொறந்தா வெறும் கேள்விக்குறி.”

“சாவி தப்பா?”

“சாவி சரிதான். பூட்டுறதுக்கு முன்னாடி எழுத்த நம்பரா மாத்தணும்ல, அங்க எல்லா மொழியும் தெரிஞ்ச யூடிஎஃப்-8 போடாம, இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்ச ஆஸ்கி போட்டுட்டேன். அதுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் கேள்விக்குறியப் போட்டுப் பூட்டிருச்சு.”

“டெஸ்ட் பண்ணலையா?”

“ஆபீஸ் பழக்கம். இங்கிலீஷ்ல ஹலோன்னு அடிச்சுப் பாத்ததோட சரி.”

“மறுபடி எழுதச் சொல்லு.”

“கேட்டேன். ‘ஒண்ணுமில்ல, சாப்பிட்டியான்னுதான் எழுதுனேன்’ங்கிறாரு.”

போனைத் தோழியின் பக்கம் சாய்த்தாள். விரலால் தள்ளத் தள்ளக் கேள்விக்குறி வந்துகொண்டே இருந்தது.

“பாருடி. சாப்பிட்டியான்னு கேக்க இம்புட்டா?”